வீடு பூட்டியிருந்தது

போன வாரம் என் வீட்டு நெட் செத்துப்போனது. புகார் கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் ஊழியர் தங்கள் இல்லத்துக்கு வந்தார், வீடு பூட்டியிருந்தது, தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது, நன்றி. இதைப் படிக்கும்போது நான் எங்கே இருந்தேன் என்று கேளுங்கள். என் வீட்டு வாசலுக்கு நேரே, அகலத் திறந்த கதவுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை.

மகன், "விடும்மா, இன்னொரு தடவை கம்ப்ளைன்ட் போட்டாப் போச்சு" என்றான். அவனுக்கு நெட்தான் கவலை. எனக்கு அந்த இரண்டு வார்த்தை, வீடு பூட்டியிருந்தது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆன பிறகும் இந்த வார்த்தை வந்து என்னை நாற்காலியிலிருந்து கிளப்புகிறதே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

பென்ஷன்காரர்கள் கூட்டத்தில் சாந்தி, எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள், சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கக்கா என்று ரொம்ப நாளாக நச்சரிக்கிறாள். பணியில் மறக்க முடியாத இனிய நிகழ்ச்சி என்று தலைப்பும் அவளே கொடுத்திருந்தாள். இனிய நிகழ்ச்சிக்கு வேறு ஆளைப் பார் என்று சொல்லியிருந்தேன். இப்போது எழுதுகிறேன். இனிமையா இல்லையா என்பதை அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகை நிமிர்த்தி உட்காரச் சொன்னார்கள், காதில் மாட்டச் சொன்னார்கள், எவன் என்ன திட்டினாலும் குரல் உயரக் கூடாது என்றார்கள். முதல் இரண்டும் எனக்கு வந்தது. மூன்றாவது கடைசி வரை வரவில்லை. அதனால்தானோ என்னவோ, சில வருஷத்தில், வெளியூர்க் கால்களை இணைக்கும் டிரங்க் போர்டிலிருந்து தூக்கிப் புகார் மேஜையில் போட்டார்கள். அங்கே நாள் முழுக்கத் திட்டுத்தான், வாங்கிக்கொள்ள என்னைப் போல ஒரு ஆள் வேண்டுமே.

புகார் மேஜையின் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போன் கெட்டவர் பக்கத்துக் கடையிலிருந்தோ எதிர்வீட்டிலிருந்தோ எங்களுக்குப் பேசுவார். நாங்கள் எண்ணையும் குறையையும் ஒரு சீட்டில் எழுதி அடுத்த அறைக்கு அனுப்புவோம். அங்கே டெஸ்ட் மேஜை. அதில் உட்கார்ந்திருப்பவர் அந்த லைனைத் தன் மேஜைக்கு இழுத்து மீட்டரைப் பார்ப்பார். முள் ஒரு துள்ளுத் துள்ளிப் பழைய இடத்துக்கே திரும்பினால் லைன் நல்ல லைன். திரும்பாமல் நடுவழியில் நின்றால் எங்கோ ஈரம், கசிவு. முள் அசையவே இல்லையென்றால் வயர் அறுந்து கிடக்கிறது. பிறகு அங்கிருந்தே மணி அடித்துப் பார்ப்பார். வீட்டில் எடுத்துப் பேசினால் 'சரி' என்று எழுதிச் சீட்டை முடிப்பார். சரியில்லை என்றால் சீட்டு லைன்மேனுக்குப் போகும். டெஸ்ட் மேஜை காலையில் தொடங்கி ஐந்து மணிக்கு மூடிவிடும். அதற்கு மேல் வரும் புகாரை நாங்கள் எழுதி வைப்போம், மறுநாள் காலையில்தான் முள் ஆடும்.

இதில் ஒரு பழக்கம் இருந்தது. சாயந்தரம் ஆனதும் முடியாத சீட்டு எவ்வளவு என்று மேலே கணக்குப் போக வேண்டும். லைன்மேனுக்கோ ஒரு சைக்கிள், ஒரு மர ஏணி, கோரிப்பாளையத்தில் ஒரு கால், சிம்மக்கல்லில் ஒரு கால். போக முடியாத வீடுகளுக்கு 'வீடு பூட்டு' என்று சொல்லிவிடுவார். சீட்டு அன்றைக்கு முடிந்துவிடும், கணக்கு சுத்தமாகிவிடும். அதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. மழை பெய்கிறது என்பது போல, லாரி வரவில்லை என்பது போல, அதுவும் அலுவலகத்தில் புழங்கும் ஒரு வார்த்தை. போனுக்கு வார்த்தை ஒன்றும் செய்யாது, மறுநாள் யாராவது போய்ச் சரிசெய்துவிடுவார்கள். மனிதர்களுக்கு அது என்ன செய்யும் என்று யோசிக்கும் நேரம் அங்கே யாருக்கும் இல்லை.

எங்களுக்கு மேலே கோபாலன் சார். எஸ்.டி.ஓ. என்று சொல்வோம், அந்தப் பகுதி லைன்களுக்கெல்லாம் அதிகாரி. மனிதர் யாரையும் சத்தம் போட்டதில்லை. சட்டைக் கை மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. யாராவது முறையிட வந்தால் உடனே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்கத் தொடங்குவார். வந்தவர் அழுதாலும், மேஜையைத் தட்டினாலும், துடைத்துக்கொண்டே இருப்பார். கண்ணாடி இல்லாமல் எதிரில் இருப்பவர் முகமே அவருக்குத் தெரியாது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. எல்லாம் பேசி ஓய்ந்த பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "டெஸ்ட் என்ன சொல்லுது?" டெஸ்ட் சரி என்றால் அத்தோடு சரி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் முகத்துக்கு நேரே எதுவும் வந்து நிற்பதை விரும்பாதவர், அவ்வளவுதான்.

எண்பதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு மத்தியான ஷிப்ட். விளக்கு போடும் நேரத்துக்கு ஒரு பெண் பேசினாள். சிம்மக்கல் பக்கம், ஆற்றை ஒட்டிய சந்தில் வீடு. பெயர் செல்வராணி. கணவர் முருகேசனுக்கும் அவருடைய அண்ணனுக்கும் சிம்மக்கல்லில் வெங்காய மண்டி. சரக்கு வாங்குவதற்காகக் கணவர் பருவம் முழுக்க வடக்கே போய்த் தங்கிவிடுவார். வாரத்தில் ஒருநாள், வெள்ளிக்கிழமை சாயந்தரம், அங்கே டவுனுக்கு வந்து வீட்டுக்கு டிரங்க் கால் போடுவார். அந்தக் கால் வரவில்லை என்றாள்.

நீ பேசுவது எந்தப் போனிலிருந்து என்று கேட்டேன். அதே போன்தான் என்றாள். போன் வேலை செய்கிறதே அம்மா, உன் வீட்டுக்காரர் கூப்பிடாததற்கு நான் என்ன செய்ய என்று கேட்டுவிட்டேன். நான்தான் சொன்னேனே, அந்த மூன்றாவது பாடம் எனக்கு வரவில்லை என்று. அவள் கோபப்படவில்லை. அவர் கூப்பிடாமல் இருக்க மாட்டார் என்று மட்டும் சொன்னாள். லைனில் கரகரவென்று சத்தம், பொரிகடலை வறுப்பது போல. சீட்டில் எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை காலை டெஸ்டில் முள் துள்ளித் திரும்பியது. மணி அடித்தார்கள், அவளே எடுத்தாள். 'சரி.'

அடுத்த வெள்ளியும் அதே நேரம், அதே குரல், அதே கரகரப்பு. மறுநாள் டெஸ்ட் சரி. ஆனாலும் லைன்மேன் ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும் என்று நான் வற்புறுத்திச் சீட்டை அனுப்பவைத்தேன். அந்தப் பகுதி லைன்மேன் முத்தையா. டெஸ்டில் சரியாக இருக்கும் லைனுக்கு எவன் ஏணி தூக்குவான்? 'வீடு பூட்டு' என்று திரும்பி வந்தது. அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. அவள் குரல் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் கேட்டாள், பிறகு கெஞ்சினாள், அப்புறம் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள். நான் கரகரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் அவள் கணவரின் அண்ணன் தங்கவேலு அலுவலகத்துக்கு வந்தார். போன் அவர் பெயரில் இருந்தது. அவர் குடும்பம் மாடியிலும் தம்பி குடும்பம் கீழேயுமாக இருந்தார்கள். சில மாதம் முன்பு அவர் வேறு வீடு பார்த்துத் தனியாகப் போனபோது, தம்பி பேச வசதியாக இருக்கட்டும் என்று மாடியில் இருந்த போனைக் கீழே இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல மனிதர், தணிந்துதான் பேசினார். தம்பி வாராவாரம் கால் போடுகிறான், போனை யாரோ எடுக்கிறார்கள், எடுத்துவிட்டுப் பேசாமல் நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறான், என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

கோபாலன் சார் கண்ணாடியைத் துடைத்தார். டிரங்க் போர்டில் விசாரிக்கச் சொன்னார். ஆமாம் சார், அந்த எண்ணுக்கு மணி அடித்தால் உடனே எடுத்துவிடுகிறார்கள், எங்கள் பக்கம் எடுத்ததாகத்தான் காட்டுகிறது, ஹலோ ஹலோ என்று கத்தினாலும் பதில் இல்லை என்றார்கள். பிறகு சார் எங்கள் சீட்டுகளைப் படிக்கச் சொன்னார், எல்லாவற்றிலும் புகார் வந்த வெள்ளிக்கிழமைத் தேதிதான். டெஸ்ட் சரி. வீடு பூட்டு. டெஸ்ட் சரி. வீடு பூட்டு. தங்கவேலு கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல், தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்:

"பூட்டுன வீட்டுக்குள்ள இருந்து போனை எடுக்கிறது யாரு சார்?"

 கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.  அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், அந்தப் பூட்டு எங்கள் பூட்டு என்று. ஆனால் அதை எப்படி வாயால் சொல்வது? யாருமே சொல்லவில்லை, அவர் அந்தச் சந்தேகத்தைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டார்.

இரண்டொரு நாளில் செல்வராணியே வந்தாள். டவுன் பஸ்ஸில் வந்து, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கவுன்ட்டரில் நின்று, புகார் எழுதுகிற அக்கா யார் என்று கேட்டிருக்கிறாள். ஒல்லியான பெண். இடுப்பில் ஒரு பெண்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. குரலை வைத்து நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன், உயரமாக, சண்டைக்காரியாக. அவள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதுதான்:

"வீடு பூட்டிக் கிடந்துச்சுன்னு சொன்னது யாருக்கா? அவுகளை நான் ஒருதடவை பாக்கணும்."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் பிறந்த வீடு அலங்காநல்லூருக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை கணவர் ரயிலேறி வருகிறார். இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிட்டுப் பேசப் போகிறார்கள். பேச என்ன இருக்கிறது, முடிவு செய்துவிட்டார்கள், என்னைக் கொண்டுபோய் அப்பன் வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளையை இங்கே வைத்துக்கொள்வார்கள் என்றாள். நான் கோயிலுக்குப் போவதாக இருந்தாலும் சனிக்கிழமைதான் போவேன், வெள்ளிக்கிழமை வாசல்படி தாண்டியதில்லை என்றாள். அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல வந்திருக்கும். அவள் அழவில்லை, தூங்குகிற பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

நேரே சாரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி இறங்கியது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, வீடு பூட்டியிருக்கவில்லை என்று ஆபீஸிலிருந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் போதும், என் மச்சாண்டார் தங்கவேலுவிடம். சார் ரொம்ப நேரம் துடைத்தார். எழுதி முடித்த சீட்டுக்கு மாறாக நான் எப்படியம்மா பேச முடியும் என்றார். மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "டெஸ்ட் என்ன சொல்லுது?" என்றார்.

"வெள்ளிக்கிழமை லைன் கரகரன்னுது சார். சனிக்கிழமை கண்ணாடி மாதிரி இருக்கு. நாம சனிக்கிழமைதான சார் டெஸ்ட் பண்றோம்?" என்றேன்.

கரகரப்பு மீட்டரில் வரவில்லையே என்றார். அவ்வளவுதான். அவள் எழுந்து, வாரேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கு எத்தனை பேரிடம் எரிந்து விழுந்தேன் என்று கணக்கில்லை. வீட்டுக்குப் போனால் அங்கேயும் கால் தரிக்கவில்லை. என் வீட்டுக்காரர், உனக்கு என்ன பேய் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் அப்படி என்னதான் நடக்கிறது என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நடுவில் ஒரு தடவை எனக்கே அவள் மேல் சந்தேகம் வந்துபோனது. வார்த்தைக்கு அவ்வளவு பலம்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டேன். புகார் மேஜைப் பெண் லைனுக்குப் போவது அதுவரை நடந்ததில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. டீக்கடையில் நின்ற முத்தையாவைப் பிடித்தேன். வயதில் மூத்தவர், வேலைக்காரர்தான், முடியாத அளவுக்கு வேலை இருந்தவர். டெஸ்ட் சரின்னு இருக்கிற லைனுக்கு எதுக்குத்தா என்று நழுவப் பார்த்தார். நீங்கள் வராவிட்டால் ஏணியை நானே தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். செய்தாலும் செய்வாள் என்று நினைத்தாரோ என்னவோ, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

போகும்போது நாலு மணி இருக்கும். கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசல்படியிலிருந்து தண்ணீர் சந்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே செல்வராணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது. ஈரத்துணியால் துடைப்பது அவளுக்குத் துடைத்தது ஆகாது, சுவரில் முழ உயரத்துக்குத் தண்ணீர் ஏற வேண்டும். எங்களைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு, பாத்துக் கால் வைங்க, வழுக்கும் என்றாள்.

முத்தையா தரையைப் பார்த்தார். பிறகு சுவரோரம் வயர் போகும் வழியைப் பார்த்துக்கொண்டே போனார். போனை மாடியிலிருந்து இறக்கியபோது, வயர் கண்ணில் படக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் சொல்ல, கதவுக்குப் பின்னால் தரையை ஒட்டிப் பெட்டியை அறைந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் வயரும் போனின் வயரும் சேருகிற சின்ன மரப்பெட்டி. முத்தையா குத்தவைத்து மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து தண்ணீர் அவர் விரலில் வழிந்தது.  போனை எடுத்து டெஸ்ட் மேஜையைக் கூப்பிட்டு, முள் பார்க்கச் சொன்னார். முள் துள்ளிவிட்டு நடுவில் நின்றுவிட்டது என்றார்கள். மணி அடியுங்கள் என்றார். வைத்தார்.

போன் 'டி' என்றது. டிங் கூட இல்லை, பாதி. அத்தோடு செத்துவிட்டது. கரண்டி தரையில் பட்டால் வரும் சத்தம் அளவுக்குத்தான் இருந்தது. நான் பாய்ந்து எடுத்தேன். "ஹலோ, எடுத்துட்டீங்களா, எடுத்த மாதிரிக் காட்டுதே" என்று டெஸ்ட் மேஜைக்காரர் பேசிக்கொண்டிருந்தார். விஷயம் அவ்வளவுதான். பெட்டிக்குள் ஈரம் இருந்தால், மணிக்காக வருகிற கரண்ட் அந்த ஈரத்தின் வழியாகவே ஓடிவிடும். போனை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் நினைத்து மணியை நிறுத்திவிடும். கூப்பிட்டவர் காதில் வெறும் கரகரப்பு. ராத்திரிக்குள் மரம் காய்ந்துவிடும், சனிக்கிழமை காலை டெஸ்ட் சரி.

"இந்தச் சத்தம் கேட்டுருக்கேன்க்கா" என்றாள் செல்வராணி. "பல்லி கில்லி போன் மேல விழுகுதுன்னு நெனச்சேன்."

முத்தையா ஒரு துணி கேட்டார், பெட்டியைத் துடைக்க. நான் கையைத் தட்டிவிட்டேன். துடைக்கக் கூடாது, இப்படியே இருக்கட்டும், மண்டிக்குப் போய் அவள் மச்சாண்டாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். தங்கவேலு வந்தார். நடக்கிற தூரம்தான், வெங்காய வாசத்தோடு, செருப்பை ஈரத்தில் கழற்ற இடமில்லாமல் வாசலில் நின்றார். பாதி மணியைப் பற்றி முத்தையா விளக்கினார். அவர் தலையை ஆட்டினார், நம்பினாரா என்று தெரியவில்லை. போனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். என்ன சத்தம் கேட்டாலும் எடுங்கள் என்றேன்.

காத்திருந்தோம். அன்றைக்கு மாதிரி நான் எதற்கும் காத்திருந்ததில்லை. இன்றைக்கு அவர் கூப்பிடாவிட்டால்? ஞாயிறு வரப்போகிறோமே, எதற்குக் கால் என்று விட்டுவிட்டால்? இதற்குள் மரம் காய்ந்து தொலைத்தால்? சும்மா இருக்க முடியாமல் நான் போய் ஒரு செம்புத் தண்ணீரைப் பெட்டிப் பக்கம் ஊற்றிவிட்டு வந்தேன். முத்தையா என்னை முறைத்தார். வேலை பார்த்த காலத்தில் ஒரு லைனை நானே கெடுத்தது அந்த ஒரு தடவைதான். செல்வராணி மட்டும் நிற்கவில்லை, உட்காரவில்லை. கழுவின இடத்தையே திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

விளக்கு போடும் நேரத்தில், 'டி' என்றது.

தங்கவேலு ஒரு கணம் போனையே பார்த்தார். நான் அவர் தோளில் தட்டிவிட்டேன். எடுத்தார். காதில் வைத்த உடனே அவர் முகம் மாறியது. "டேய்... நான்தான்டா, அண்ணன். கேக்குதா? கேக்குதுடா" என்று கத்தினார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கே கேட்டது. மணி அடிக்கவே இல்லைடா, கேளு, அடிக்கவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். மனிதர் லேசில் விடுகிற ஆள் இல்லை.

"சரி, போன் கோளாறு. ஒத்துக்கிறேன். வீடு பூட்டிக் கிடந்தது?"

முத்தையா தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராணி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள். குரல் உயரவே இல்லை.

"வீடு கழுவுனாத்தான இந்தப் போன் கெடுது? வாராவாரம் கெட்டுச்சுல்ல. பூட்டுன வீட்டை யாரு கழுவுனா?"

மண்டியில் நாளெல்லாம் பேரம் பேசுகிற மனிதர், ஈரத் தரையையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். கரகரப்பு மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் முத்தையா பேசினார். அவர் பேசாமல் இருந்திருக்கலாம், கேள்வி ஏற்கெனவே முடிந்துவிட்டது.

"நான் வரவே இல்லைண்ணே. ஒருநாளும் வரலை. வராத வீட்டுக்கு அப்பிடி எழுதுறது எங்க பழக்கம்."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு வேறு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பெரியவரும் கூடவில்லை. முத்தையா மறுநாளே பெட்டியை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார், அதற்குப் பிறகு அவர் போன வீட்டில் எல்லாம் தரையில் இருந்த பெட்டி மேலே ஏறியது. தங்கவேலு புகார் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனாலும் விஷயம் எப்படியோ ஆபீஸுக்கு வந்து முத்தையாவிடம் விளக்கம் கேட்டார்கள், அப்புறம் ஊருக்கு வெளியே ஒரு செக்ஷனுக்கு மாற்றினார்கள். என்னால்தான் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வழியில் பார்த்தால், என்னத்தா, ஏணி தூக்க வாரியா என்பார்.

கோபாலன் சார் என்னைக் கூப்பிட்டார். உத்தரவில்லாமல் எப்படிப் போனீர்கள் என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். மாட்டிக்கொள்ளாமலேயே, போங்க என்றார். 'வீடு பூட்டு' ஒழிந்ததா என்றால், இல்லை. சாயந்தரக் கணக்கு இருக்கும்வரை அதுவும் இருந்தது. எந்த லைன்மேன் அதைச் சொன்னாலும் பூட்டு என்ன நிறம் என்று கேட்பேன். வெறும் பாக்கியமாக இருந்த எனக்குப் பூட்டு பாக்கியம் என்று பெயர் வைத்தார்கள். ஓய்வு பெறுகிற அன்று மாலை போட்டபோதுகூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது கைப்பேசியில் வருகிறது அதே வார்த்தை, பூட்டு என்ன நிறம் என்று கேட்க அங்கே ஆள்கூட இல்லை.

அந்தச் சாயந்தரத்துக்கு வருகிறேன். முத்தையா சொன்னதைக் கேட்டுத் தங்கவேலு பொத்தியிருந்த கையை எடுத்தார். தம்பியிடம் மெதுவாகப் பேசினார். தப்பு நம்ம மேலதான்டா என்றார், அது எங்கள் காதில் விழுந்தது.  அந்தப் பக்கம் தம்பி ஏதோ சொல்வது கேட்டது. தங்கவேலு போனை நீட்டினார்.

"ஏத்தா, உன்கிட்டப் பேசணுங்கிறான்."

எத்தனை வெள்ளிக்கிழமை அந்த ஒரு காலுக்காக எனக்குப் போன் போட்டவள். ஓடி வந்து வாங்குவாள் என்று நான் நினைத்தேன், என் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. அவள் நீட்டிய போனைப் பார்த்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், நன்றாக, ஒவ்வொரு விரலாக. பிறகு குனிந்து வாளியை எடுத்துக்கொண்டாள்.

"நான் வீட்டுல இல்லைன்னு சொல்லிருங்க" என்றாள்.

சொல்லிவிட்டு, மிச்சத் தண்ணீரை வாசலில் ஊற்றப் போய்விட்டாள். தங்கவேலு போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.  அவர் அதைக் காதில் வைத்து, தொண்டையைச் செருமிவிட்டு, அவள் சொன்னதை அப்படியே சொன்னார்.